அயல்நாட்டில் நடக்கும் காதல் நாவல்: நான்கில் எதை எடுப்பது?

வெளிநாட்டில் நடக்கும், படித்து முடித்ததும் மனம் லேசாகிவிடும்படியான ஒரு காதல் நாவலை ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். பரிந்துரைப் பட்டியல்கள் நீளமாக இருக்கின்றன. அட்டைகள் எல்லாம் நீலக் கடலையும் மாடத்துப் பூந்தொட்டியையும் காட்டுகின்றன. பின்னட்டைக் குறிப்புகளோ எல்லா நூல்களையும் ஏறக்குறைய ஒரே சொற்களால் புகழ்கின்றன. ஆகவே இத்தகைய பேச்சில் அடிக்கடி அடிபடும் நான்கு நாவல்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இ. எம். ஃபார்ஸ்டரின் 'எ ரூம் வித் எ வியூ' (1908), எலிசபெத் வான் ஆர்னிமின் 'தி என்சான்டட் ஏப்ரல்' (1922), ஸ்டெஃபனி பெர்கின்ஸின் 'அன்னா அண்ட் தி ஃப்ரெஞ்ச் கிஸ்' (2010), கெவின் குவானின் 'கிரேசி ரிச் ஏசியன்ஸ்' (2013). முதல் இரண்டும் இத்தாலியில் நடப்பவை. மூன்றாவது பாரிசிலும் நான்காவது சிங்கப்பூரிலும் நடக்கின்றன. கதையைத் தொடாமல் இவற்றை ஒப்பிட முடியாது என்பதால் சில நிகழ்ச்சிகளைச் சொல்லியிருக்கிறேன். முடிவுகளைக் கூடுமானவரை மறைத்திருக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

அளவுகோல்களில் முதலாவதை மற்றவற்றைவிட மேலாக மதிக்கிறேன்: காதல் அந்த ஊரை நம்பி நிற்கிறதா? கதையை அப்படியே பெயர்த்து நாயகியின் சொந்த ஊரில் நட்டாலும் அது நடக்குமானால், நம் சினிமாப் பாட்டில் இரண்டு சரணத்துக்கு மட்டும் வந்து போகும் சுவிட்சர்லாந்தைப் போல அந்த அயல்நாடு வெறும் பின்னணித் திரைதான். இதை ஒட்டியே எழும் இன்னொரு கேள்வி, நாயகி அங்கே எந்த உரிமையில் இருக்கிறாள் என்பது. சுற்றுலாவுக்கு வந்தவளா, வாடகைக்கு வீடு எடுத்தவளா, படிக்க வந்தவளா, காதலனின் குடும்பத்தைப் பார்க்க வந்தவளா என்பதைப் பொறுத்தே அவளுக்கு எத்தனை நாள் கிடைக்கும், எவ்வளவு தனிமை கிடைக்கும், எத்தனை பேர் அவளைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்பவை முடிவாகின்றன. இவ்வகை நாவல்களின் கவர்ச்சி ஊரின் அழகைவிட இந்த நிபந்தனையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. ஊர் திரும்பும் தேதி முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் மனிதர்களால் எதையும் ஒத்திப்போட முடிவதில்லை. தெரிந்த முகம் எதுவும் இல்லாத தெருவில் நடப்பதால், சொந்த வீட்டில் துணியாத ஒன்றுக்கு அவர்கள் துணிந்துவிடுகிறார்கள்.

அடுத்து, உள்ளூர் மக்களுக்குக் கதையில் வாய் இருக்கிறதா, இல்லை அவர்கள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறைந்துவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, சிரிப்பு எங்கிருந்து வருகிறது, அதன் அடியில் எவ்வளவு கனம் ஒளிந்திருக்கிறது என்பது. கடைசியாகச் செலவுக் கணக்கு. நூலின் விலையை எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலத்தின் கடினம், பாத்திரங்களின் கூட்டம், முடிவு தெரிய வேண்டுமானால் அடுத்த பாகங்களையும் வாங்க வேண்டிய நிலை ஆகியவற்றை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

'தி என்சான்டட் ஏப்ரல்': ஒரு மாத வாடகைக்கு

லண்டனில் ஒரு பிப்ரவரி மாத மழைப் பிற்பகலில், பெண்கள் சங்கம் ஒன்றில் உட்கார்ந்திருக்கும் திருமதி வில்கின்ஸ், 'தி டைம்ஸ்' நாளிதழில் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறார். மத்தியதரைக் கடலோரத்தில், விஸ்டேரியாக் கொடிகள் படர்ந்த சிறிய இத்தாலியக் கோட்டை ஒன்று ஏப்ரல் மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்கிறது அது. முகப்பழக்கம் மட்டுமே உள்ள திருமதி ஆர்பத்நாட்டும் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கூச்ச சுபாவமுள்ள அந்தப் பெண் தானே போய்ப் பேசுகிறார். வாடகை அறுபது பவுன். இருவருக்கும் அது தாங்காது என்பதால் இன்னும் இருவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிறார்கள்; பதில் போடுகிறவர்களும் சரியாக இருவர்தாம். ஆளுக்குப் பதினைந்து பவுன் வீதம், ஒத்துப்போக எந்தக் காரணமும் இல்லாத நான்கு பெண்கள் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கிறார்கள்.

வாடகைக்கு எடுத்த வீடு என்பது இந்த நாவலில் சிறிய செய்தி கிடையாது. விடுதி என்றால் மற்ற விருந்தினர் இருப்பார்கள், உணவு நேரம் இருக்கும், நிர்வாகியின் முகத்துக்கு அஞ்ச வேண்டியிருக்கும். வாடகை வீட்டிலோ யார் எந்த அறையை எடுப்பது, யார் சமையற்காரிக்கு உத்தரவிடுவது, சாப்பாட்டு மேசையில் தலைமை இடம் யாருக்கு என்பவை எல்லாம் அந்த நால்வரும் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்குகள். நாவலின் நகைச்சுவையில் பெரும்பகுதி இந்த வழக்குகளிலிருந்தே பிறக்கிறது. அழகான வரவேற்பறையைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டு, மற்றொரு வாசலை அடைத்துவைத்துவிட்டு, தாம் இளமையில் கண்ட விக்டோரியா காலத்துப் பெரியவர்களின் நினைவில் வீற்றிருக்கும் முதிய திருமதி ஃபிஷரை நம் குடும்பங்களில் தேடினால் கிடைக்காமல் போகமாட்டார்.

இந்த நாவலை மற்றவற்றிலிருந்து பிரிப்பது, காதலிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே மணமானவர்கள் என்பதுதான். இரவில், கொட்டும் மழையில், இருட்டில் எதையும் காணாமல் வந்து சேர்ந்த திருமதி வில்கின்ஸ் மறுநாள் காலை சன்னல் கதவுகளைத் தள்ளித் திறக்கும் இடத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். கீழே அசையாத கடல், அதில் மீன்பிடிப் படகுகள், எதிரே வெளிச்சம் ஏறிய மலைகள். அந்தக் காட்சி அவரிடம் உண்டாக்கும் மாறுதல், வழக்கறிஞரான தம் கஞ்சத்தனமான கணவரையும் இங்கே அழைக்க வேண்டும் என்று தோன்றுவதாகும். புது ஆளைத் தேடி ஓடாமல், வீட்டில் விட்டு வந்த ஆளையே இங்கே கொண்டுவந்து பார்த்தால் என்ன என்று கேட்கும் காதல் கதைகள் அரிது. கதையை லண்டனுக்கு மாற்றினால் நடக்காது. அங்கே இந்த மனைவியர் தங்கள் கடமைகளுக்குள்ளேயே மூழ்கியிருப்பார்கள். முதல் அளவுகோலில் நான்கு நாவல்களிலும் இதுவே முன்னிற்கிறது என்று சொல்வேன். குளியலறை வெந்நீர் அடுப்பு வெடிக்க, அந்த வழக்கறிஞர் துண்டோடு வெளியே பாயும் காட்சி சத்தமாகச் சிரிக்க வைப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறைவான செலவுகள் உண்டு. முதல் சில இயல்கள் லண்டன் மழையிலேயே நனைகின்றன. கோட்டை வரும்வரை பொறுமை வேண்டும். நிகழ்ச்சிகள் குறைவு, மன ஓட்டம் மிகுதி. இத்தாலியர்கள் வேலைக்காரர்களாகவும் தோட்டக்காரராகவும் வேடிக்கைக்குப் பயன்படுகிறார்களே தவிர, அவர்களுடைய மனத்துக்குள் நாம் அதிகம் போவதில்லை. நூல் வெளிவந்த அதே ஆண்டில், 1922 அக்டோபரில், முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கி அணிவகுத்தார்கள், ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் அரசியலின் நிழல்கூட விழவில்லை. கணவர்கள் திருந்திவிட்டார்களா அல்லது திருந்தியது போலத் தோன்றும் சூழ்நிலை வாய்த்துவிட்டதா என்பதும் விவாதத்துக்குரியது. வழக்கறிஞர் வில்கின்ஸ் அங்கே வந்து இனிமையாக நடந்துகொள்வதற்கு, உடன் தங்கியிருக்கும் சீமாட்டி கரோலின் பின்னாளில் தம்மிடம் வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரராகலாம் என்ற கணக்கும் ஒரு காரணம். ஆசிரியருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் கண்ணடித்துவிட்டு நகர்கிறார். அந்தக் கண்ணடிப்பை ரசிக்க முடியாதவர்களுக்கு முடிவு கொஞ்சம் வசதியாக அமைக்கப்பட்டதாகவே படும்.

'எ ரூம் வித் எ வியூ': கையேட்டோடு வந்தவர்கள்

இங்கே நாயகி லூசி சுற்றுலாப் பயணி. வயதில் மூத்த உறவுப் பெண் சார்லட் துணைக்கு வர, ஃப்ளாரன்ஸ் நகரில் ஆங்கிலேயர்களே நிறைந்த ஒரு விடுதியில் தங்குகிறாள். உறுதியளிக்கப்பட்டபடி ஆர்னோ நதியைப் பார்த்த அறை கிடைக்கவில்லை என்று அவர்கள் குறைப்பட்டுக்கொள்ள, மேசையில் இருந்த முதியவர் எமர்சன் தம் அறையையும் மகன் ஜார்ஜின் அறையையும் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். முன்பின் அறியாத ஆண்களிடம் இப்படி ஓர் உதவியைப் பெறலாமா என்ற பெரும் சிக்கலில்தான் கதை தொடங்குகிறது. இந்த அளவுக்கு அற்பமான ஒன்றை இந்த அளவுக்குத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பதே நாவலின் சுவை. பெண் எங்கே உட்கார்ந்தாள், யாரிடம் பேசினாள் என்பதையெல்லாம் கணக்கில் வைக்கும் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு சற்று உறைக்கவும் செய்யும்.

பயணக் கையேடு இல்லாமல் ஒரு தேவாலயத்துக்குள் சிக்கிக்கொள்ளும் லூசிக்கு எதை ரசிக்க வேண்டும் என்றே தெரியவில்லை. நகரச் சதுக்கத்தில் இரண்டு இத்தாலியர்களுக்குள் கடனுக்காக நடக்கும் சண்டை கொலையில் முடிய, அவள் மயங்கி விழுகிறாள். தாங்கிப் பிடிப்பவன் ஜார்ஜ். பிறகு ஃபியசோலே மலைப்பக்கம் வண்டியில் உலா போகும்போது, பாதிரியார் எங்கே என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியத்தில் அவள் வண்டிக்காரனிடம் கேட்கிறாள். அவனோ அவளை நேரே ஜார்ஜிடம் கொண்டுபோய் விடுகிறான். உள்ளூர் மக்கள் என்ற அளவுகோலில் இந்தக் காட்சி முக்கியமானது. வண்டிக்காரனுக்குப் பேச்சு குறைவுதான், ஆனால் கதையின் திருப்பத்தை நிகழ்த்துவது அவனே. ஆங்கிலேயர் அத்தனை பேரும் மறைக்க முயலும் ஒன்றை அவன் ஒரு பார்வையில் புரிந்துகொள்கிறான்.

இந்த நூலை இத்தாலிக்காக வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மொத்தம் இருபது இயல்களில் முதல் ஏழும் கடைசி ஒன்றும்தாம் ஃப்ளாரன்சில் நடக்கின்றன. நடுவில் உள்ள பன்னிரண்டும் இங்கிலாந்தில். லூசி ஊர் திரும்பி, செசில் வைஸ் என்னும் படித்த, நாகரிகமான, சகிக்க முடியாத ஒருவனுக்கு நிச்சயமாகிறாள். அயல்நாட்டில் நடந்ததை வீட்டில் எங்கே ஒளித்துவைப்பது என்பதே இரண்டாம் பாகத்தின் கேள்வி. என் மதிப்பீட்டில் நாவலின் சிறந்த பகுதியும் அதுதான். ஆனால் இத்தாலிய வெயிலை எதிர்பார்த்து வந்தவருக்கு டென்னிஸ் ஆட்டமும் தேநீர் உபசாரமும் ஏமாற்றமாக இருக்கலாம். ஆங்கிலமும் நான்கில் இதிலேயே கடினம். ஃபார்ஸ்டரின் கிண்டல் வாக்கியத்தின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். வேகமாகப் படித்தால் அவர் யாரைக் கேலி செய்கிறார் என்பதே பிடிபடாது.

'கிரேசி ரிச் ஏசியன்ஸ்': வருங்கால மருமகள்

நியூயார்க்கில் பொருளாதாரம் கற்பிக்கும் ரேச்சல், நண்பரின் திருமணத்துக்காகக் காதலன் நிக்குடன் சிங்கப்பூர் போகிறாள். அவன் குடும்பத்தின் செல்வம் எத்தகையது என்பதை அவன் சொல்லவே இல்லை. மற்ற மூன்று நாவல்களிலும் அயல்நாடு காதலை விதைக்கிறது அல்லது துளிர்க்க வைக்கிறது. இங்கே காதல் முன்பே கனிந்துவிட்டது, அயல்நாடு அதைத் தாக்குகிறது. நியூயார்க்கில் வெறும் ஆசிரியனாக இருந்தவன் விமானத்தை விட்டு இறங்கியதும் ஒரு வம்சத்தின் வாரிசாகிவிடுகிறான். காதலனின் தாய், பாட்டி, அத்தைகள், அவர்கள் வீட்டுத் தோழிகள் என்று எடைபோடும் கண்களுக்கு நடுவே நிற்கும் பெண்ணின் நிலை, பெண் பார்க்கும் வழக்கம் உள்ள சமூகத்துக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. ஐரோப்பியப் பின்னணி நாவல்களில் கிடைக்காத நெருக்கம் இதில் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இரவில் மட்டும் மலரும், நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்லி அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டும் அதே பூ பூப்பதைக் காண, நிக்கின் பாட்டி தம் மாளிகையில் ஊரின் பெரும் பணக்காரர்களைத் திரட்டும் காட்சி ஒன்று வருகிறது. ரேச்சல் அந்த வீட்டின் அளவை முதன்முதலாகக் காண்பதும் அங்கேதான். குவான் சிங்கப்பூரில் பிறந்தவர். ஹொக்கியன், மலாய், கான்டனீஸ் சொற்களுக்கும் தின்பண்டங்களுக்கும் அவர் எழுதும் அடிக்குறிப்புகள் பல இடங்களில் கதையைவிடச் சுவையானவை. உள்ளூர் மக்களுக்கு வாய் இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த நாவலில் இடமே இல்லை. அவர்கள் பேச்சை நிறுத்துவதே இல்லை.

அந்த உள்ளூர், சிங்கப்பூரின் ஒரு மெல்லிய மேல்தட்டு மட்டுமே. நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டின் தமிழ் வாழ்வை இதில் தேடக்கூடாது. பாத்திரங்கள் ஏராளம்; நூலின் தொடக்கத்தில் உள்ள வம்ச வரைபடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். உடை, நகை, கார், விமானம் என்று வணிகப் பெயர்கள் வரிசை கட்டி வருவதை நையாண்டி என்று ஆசிரியர் நினைத்தாலும், பாதிக்கு மேல் அது விளம்பரப் புத்தகம் புரட்டும் உணர்வையே தருகிறது. வசைச்சொற்களும் நிறைய உண்டு. வீட்டில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள் கவனிக்கலாம். பெரிய செலவு வேறு: இது மூன்று நாவல்களின் முதல் பாகம். பல முடிச்சுகள் அவிழாமலே இது நின்றுவிடுவதால், 2015இலும் 2017இலும் வந்த அடுத்த இரண்டையும் வாங்கும் எண்ணத்தோடுதான் இதைத் தொடங்க வேண்டும்.

'அன்னா அண்ட் தி ஃப்ரெஞ்ச் கிஸ்': விடுதி மாணவி

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அட்லாண்டா நகரப் பெண் அன்னாவை, பள்ளியின் இறுதி ஆண்டுக்காக அவள் தந்தை பாரிசில் உள்ள அமெரிக்க உறைவிடப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது. உணவுக்கூடத்தில் என்ன கேட்பது என்று அஞ்சிக் கிடைத்ததைத் தின்னும் ஆரம்ப நாட்கள் உண்மையாக எழுதப்பட்டுள்ளன. நோத்ர்தாம் தேவாலயத்தின் முன்னே, பிரான்சின் சாலைத் தொலைவுகளுக்கெல்லாம் தொடக்கமாகக் கல்லில் பதித்த வெண்கல நட்சத்திரத்தின் மேல் நின்று நாயகனும் நாயகியும் வேண்டிக்கொள்ளும் இடம் பலருக்கும் பிடித்தது. 2019 தீ விபத்துக்கு முந்தைய நோத்ர்தாம் அது.

இடம் மாற்றும் சோதனையில் இந்த நாவல்தான் தடுமாறுகிறது. நண்பர்கள் பெரும்பாலும் அமெரிக்கர், பேச்சு ஆங்கிலம், நாயகன் எட்டியனும் ஆங்கில உச்சரிப்புக்காரன். இந்தக் காதல் பாஸ்டன் நகர விடுதி ஒன்றிலும் ஏறத்தாழ இப்படியே நடந்திருக்கும். அவனுக்கு ஏற்கெனவே ஒரு காதலி இருக்கிறாள் என்பதும், கதையின் பெரும்பகுதி அந்த இழுபறியிலேயே போகிறது என்பதும் சிலரை உறுத்தும். அவன் தாயின் நோய் குறித்த பகுதியும் அட்டைப்படம் சொல்லாத கனம். ஆனால் ஆங்கிலம் எளிமை, உரையாடல் துள்ளல், கதை தன்னளவில் முடிந்துவிடுகிறது. ஆங்கில நாவலையே முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு மற்ற மூன்றையும்விட இது ஏற்றது.

அருகருகே வைத்தால்

| | ஏப்ரல் | ரூம் | ஏசியன்ஸ் | அன்னா |
|---|---|---|---|---|
| தங்கும் உரிமை | வாடகைதாரர் | சுற்றுலாப் பயணி | வருங்கால மருமகள் | மாணவி |
| காதலுக்கு ஊர் தேவையா | முழுக்க | தொடக்கத்துக்குத் தேவை | எதிரியாகத் தேவை | ஓரளவு |
| சிரிப்பின் ஊற்று | உடன் தங்குபவர்கள் | ஆங்கிலேயரின் மரியாதைகள் | பணத்தின் படாடோபம் | பேச்சின் துள்ளல் |
| ஆங்கிலம் | நடுத்தரம் | கடினம் | எளிது, பெயர்கள் மிகுதி | மிக எளிது |
| மறைவான செலவு | மெதுவான தொடக்கம் | பாதிக்கு மேல் இங்கிலாந்து | இன்னும் இரண்டு பாகங்கள் | இன்னொரு காதலியின் இழுபறி |

விலையும் சட்டமும்

முதல் இரண்டு நூல்களும் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிநூலாகவும் உண்டு. ஆனால் அந்த இலவசம் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். வான் ஆர்னிம் 1941இல் இறந்தவர் என்பதால் அவர் நூலில் சிக்கல் இல்லை. ஃபார்ஸ்டர் 1970இல் இறந்தவர் ஆகையால் 2030 முடியும்வரை அவருடைய நூல் இங்கே பதிப்புரிமைக்கு உட்பட்டதே. பழைய புத்தகக் கடைகளில் ஃபார்ஸ்டரின் மலிவுப் பதிப்புகள் கிடைப்பது வழக்கம். அவரை வாங்குவதற்கு அதுவே நேர்மையான, சிக்கனமான வழி. குவானும் பெர்கின்ஸும் விலை கொடுத்தோ நூலகத்திலிருந்தோதான் கைக்கு வருவார்கள்.

யாருக்கு எது

மணமாகிச் சில ஆண்டுகள் ஆனவர்கள், வேலையும் வீடும் அழுத்தி ஒரு மாதம் எங்காவது போய்விடலாமா என்று எண்ணுகிறவர்கள் தயங்காமல் வான் ஆர்னிமை எடுக்கலாம். நான்கில் ஒன்றைத்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பவருக்கும் என் பரிந்துரை அதுவே. வாக்கியத்தின் நயத்துக்காகப் படிக்கிறவருக்கும், திருமணப் பேச்சுக்கு நடுவே தன் மனம் என்ன சொல்கிறது என்று தடுமாறுகிறவருக்கும் ஃபார்ஸ்டர். நீண்ட ரயில் பயணத்தில் சிரித்துக்கொண்டு பக்கம் புரட்ட வேண்டும், பெரிய குடும்பத்து வம்பு இருந்தால் மகிழ்ச்சி என்பவருக்குக் குவான். பதினாறு, பதினேழு வயது வாசகிக்குப் பரிசளிக்கவோ, ஆங்கில வாசிப்புப் பழக்கத்துக்காகவோ என்றால் பெர்கின்ஸ்.

படத்தை முதலில் பார்க்கலாமா

நாவலுக்கு நாவல் விடை மாறுகிறது. 'எ ரூம் வித் எ வியூ'வுக்கு, ஜேம்ஸ் ஐவரி இயக்கி 1985இல் வெளிவந்த படத்தை முதலில் பார்ப்பது நன்மையே. பல ஆண்டுகள் டெல்லியில் வாழ்ந்த ரூத் பிராவர் ஜாப்வாலா எழுதிய திரைக்கதைக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. யார் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பது காதில் விழுந்துவிட்டால் பிறகு ஃபார்ஸ்டரின் கிண்டலைத் தவறவிட வாய்ப்பு குறைவு. 'தி என்சான்டட் ஏப்ரல்' நாவலுக்கு நூலே முதலில். மைக் நியூவெல் இயக்கிய படம் போர்ட்டோஃபினோவில், வான் ஆர்னிம் தாமே தங்கியிருந்த அந்தக் கோட்டையிலேயே எடுக்கப்பட்டது. அழகான படந்தான், ஆயினும் சன்னல் திறக்கும் அந்தக் காலையை நம் மனம் ஒருமுறை தானாக வரைந்துகொண்ட பிறகு பார்ப்பதே முறை. 'கிரேசி ரிச் ஏசியன்ஸ்' 2018 படத்தைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருகிறவர்கள், ரேச்சலும் நிக்கின் தாயும் மாஜாங் என்னும் சீன விளையாட்டு மேசையில் எதிரெதிரே உட்காரும் புகழ்பெற்ற காட்சியை நூலில் தேட வேண்டாம். அது படத்துக்காகவே எழுதப்பட்டது.